பூட்டான் டூர் விற்பவர்களே, இன்னும் உறுத்தும் ஒரு சம்பவம் சொல்லுங்கள்

எல்லைக்கோடு:
பூட்டான் எல்லை ஊரான புன்ட்ஷோலிங், இமிக்ரேஷன் கவுன்ட்டர். அப்பா, அம்மா, பத்து வயதுப் பையன். கையில் மூன்று ஆதார் அட்டை. டூர் விற்றவர்களின் நோட்டீஸில் 'விசா வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பொய் இல்லை. ஆனால் பெர்மிட் வேண்டும், அதற்கு ஆதார் செல்லாது. பெரியவர்களுக்கு ஆறு மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் இல்லாத பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ். அதிகாரி முகம் சுளிக்கவில்லை. அட்டைகளை அடுக்கிக் கண்ணாடிக்கு அடியில் வெளியே தள்ளினார்; அப்பா உள்ளே தள்ளினார்; அவர் மறுபடி வெளியே தள்ளினார். 'விசா வேண்டாம்' என்ற அதே எழுத்தளவில் 'பெர்மிட் கட்டாயம்' என்று அச்சடித்திருந்தால் முடிந்துபோகிற விஷயம்.

ராக்கணக்கு:
ஆவணம் சின்ன தலைவலி சார். எஸ்.டி.எஃப்., அதாவது பயணிகளிடம் பூட்டான் அரசு இரவுக்கு இவ்வளவு என்று வாங்கும் கட்டணம், அதுதான் பெரியது. பெற்றோர் இந்திய பாஸ்போர்ட், மகன் அமெரிக்க பாஸ்போர்ட், ஐந்து இரவு. பெற்றோருக்குத் தலைக்கு ஓர் இரவு 1,200 ரூபாய், ஆக 12,000. மகனுக்கு இரவுக்கு 100 டாலர், ஆக 500 டாலர். விசாக் கட்டணம் 40 டாலர் தனி. "ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) இருக்கிறதே" என்று மேசைமேல் வைத்தார் மகன். பூட்டான் பார்ப்பது பாஸ்போர்ட்டை மட்டும். கொட்டேஷன் போடுமுன் ஒவ்வொருவருடைய பாஸ்போர்ட் முதல் பக்கத்தையும் வாங்கிவிட வேண்டும். 6 முதல் 12 வயது வரை பாதிக் கட்டணம், அதற்குக் கீழே கட்டணமே இல்லை. கணக்கு இரவுக்குத்தான், பகலுக்கு இல்லை.

பழைய சரக்கு:
முன்பு 250 டாலர் இருந்தது, இப்போது 100தான், மலிந்துவிட்டது என்று சொன்னால் வாடிக்கையாளர் உடனே சம்மதிக்கிறார்.

ராக்கணக்கு:
ஐயா, அப்படிச் சொல்லி விற்காதீர்கள். அந்த 250 (சீசன் இல்லாத மாதங்களில் 200) என்பது ஓட்டல், சாப்பாடு, கைடு, வண்டி எல்லாம் சேர்ந்த குறைந்தபட்ச பேக்கேஜ். அதற்குள்ளேதான் அரசுக்குப் போன 65 டாலரும். 2022 செப்டம்பரில் எல்லை திறந்தபோது பேக்கேஜ் விலைக்கட்டு போய், அரசுக் கட்டணம் மட்டும் தனியாக 200 ஆனது. 2023 செப்டம்பரில் அது 100 ஆகப் பாதியானது. 2027 ஆகஸ்ட் 31 வரை இதுதான். இன்றைய 100-இல் ஒரு வேளைச் சாப்பாடுகூடக் கிடையாது. ஓட்டல் பில் வந்த அன்று உங்கள் வாடிக்கையாளர் எங்களுக்குத்தான் போன் போடுகிறார்.

ஜன்னல்சீட்:
பூட்டானின் பாரோ விமான நிலையத்தில் இறங்கும்போது விமானம் சாய, இறக்கைக்கு நேரே ஒரு வீட்டு மாடியும் காயப்போட்ட மிளகாயும். பயணிகளில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

விற்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. ஓடுபாதை 2,235 மீட்டர் உயரத்தில், குறுகிய பள்ளத்தாக்கில் இருக்கிறது. பைலட் கண்ணால் பார்த்துத்தான் இறக்க வேண்டும். அதனால் பகலில் மட்டும், மேகம் வழிவிட்டால் மட்டும். பிற்பகலில் காற்று கிளம்பும் என்பதால் காலை நேர விமானமே நல்லது. திரும்பும் நாளில் டெல்லியிலோ கொல்கத்தாவிலோ அன்றே அடுத்த டிக்கெட் போடாதீர்கள், ஓர் இரவு விடுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கட்டாயம் விடுங்கள். டெல்லியிலிருந்து போகும்போது எவரெஸ்ட் இடப்பக்கம், வரும்போது வலப்பக்கம். மேகம் இருந்தால் இரண்டு பக்கமும் வெள்ளைதான். ஆகவே 'எவரெஸ்ட் தரிசனம் உறுதி' என்று எழுதாதீர்கள்.

குதிரைப்பாதை:
விளம்பரம் எதை எடுத்தாலும் தக்த்சாங் படம், பாரோவில் செங்குத்துப் பாறையில் ஒட்டி நிற்கும் அந்த புத்த மடம். முழங்கால் வலியுள்ள ஓர் அம்மாவிடம் 'குதிரை இருக்கிறது' என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். குதிரை பாதி வழியில் காபிக்கடைப் பக்கத்தோடு நின்றுவிடும். மடம் 3,120 மீட்டர், வண்டி நிறுத்துமிடம் சுமார் 2,600. கடைசியில் எதிர்ப் பாறையில் மடம் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், ஆனால் அருவி வரை நூற்றுக்கணக்கான படி இறங்கி மறுபடி ஏற வேண்டும். அங்கேதான் அவர் உட்கார்ந்துவிட்டார். இறங்கும்போது குதிரையில் ஏற்றவும் மாட்டார்கள். வந்திறங்கிய அன்றோ மறுநாளோ இதை வைக்காமல், திம்பு, புனாக்கா முடித்துக் கடைசி நாட்களில் வையுங்கள். உடம்பு உயரத்துக்குப் பழகியிருக்கும். உள்ளே கைப்பேசிக்கு அனுமதியில்லை என்பதையும் முன்னரே சொல்லிவிடுங்கள்.

கொக்கு:
மே மாதப் பேக்கேஜ் அட்டையில் ஃபோப்ஜிகா பள்ளத்தாக்கின் கருங்கழுத்துக் கொக்கு. கொக்கு வருவது அக்டோபர் கடைசி, நவம்பரில். பிப்ரவரி, மார்ச்சில் திபெத்துக்குப் போய்விடும். மே மாதத்தில் இருப்பது புல்வெளியும் மாடும்.

பழைய சரக்கு:
பூட்டானின் மிக உயரமான கங்கர் புன்சும் சிகரம் ஏறக் கேட்டு ஒருவர் வந்தார்.

கொக்கு:
நடக்காது. 6,000 மீட்டருக்கு மேல் 1994 முதல் தடை, 2003 முதல் மலையேற்றமே தடை. 7,570 மீட்டர், இதுவரை யாரும் உச்சி தொடவில்லை. மலையேறுபவருக்கு ஸ்னோமேன் டிரெக் காட்டுங்கள், அது கணவாய் நடை, சிகரம் கிடையாது. ஆனால் மூன்று வாரத்துக்கு மேல் ஆகும், எஸ்.டி.எஃப். இரவுகளை எண்ணிவிட்டு விலை சொல்லுங்கள்.