அயர்ன் 44: எடையா, ஃபில்டரா?

சுழலி: 2008 ஆகஸ்ட் 5, கலிஃபோர்னியா காட்டுத்தீ, அயர்ன் 44 விபத்து. தீயணைப்பு வீரர்களை மலைமேலிருந்து ஏற்றிக்கொண்டு கிளம்பிய சிகோர்ஸ்கி எஸ்-61 ஹெலிகாப்டர் மரத்தில் மோதி எரிந்தது. 13 பேரில் 9 பேர் சாவு. அதை "இயந்திரக் கோளாறு" என்று நேற்று ஒரு மேதாவி ஒரே வரியில் முடித்துவிட்டார். 2010-ல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் என்ன சொன்னது? ஹெலிகாப்டரை இயக்கிய கம்பெனி அதன் வெற்று எடையை, அதாவது ஆளும் எரிபொருளும் ஏற்றாத எடையை, குறைத்து எழுதியிருந்தது; அதனால் தாங்காத சுமை ஏறியது. எடை ஐயா, எடை!

பழைய ஸ்பேனர்: அந்த மேதாவி நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். எரிபொருள் கட்டுப்பாட்டுக் கருவியின் ஃபில்டரில் அழுக்கு அடைத்தால் எஞ்சின் கேட்ட சக்தியைத் தராது. 2012-ல் போர்ட்லாந்து ஜூரி 57 சதவீதப் பழியை எஞ்சின் செய்த ஜெனரல் எலக்ட்ரிக் மேல்தான் போட்டது.

சுழலி: வாரியத்தின் முடிவை சிவில் வழக்கில் சாட்சியமாக வைக்கவே அமெரிக்கச் சட்டம் விடாது. அதைப் பார்க்காத ஜூரியை எனக்குக் காட்டுகிறீர்கள். காக்பிட் ஒலிப்பதிவை அலசியதில் இரண்டு எஞ்சினுமே முழுச் சக்தியில் ஓடியிருக்கின்றன. சுமை தாங்காமல்தான் ரோட்டர், அதாவது மேலே சுழலும் இறக்கை, சுற்று இறங்கியது.

பழைய ஸ்பேனர்: அதே இடத்திலிருந்து அதற்கு முன் இரண்டு தடவை ஏறியதே, அப்போது எடை லீவா? ஃபில்டர்.

சுழலி: நடுவில் போய் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு வந்தது. கனம் கூடாதா?

பழைய ஸ்பேனர்: பெட்ரோலா! மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடும் டர்பைன் எஞ்சினுக்கு பெட்ரோல் ஊற்றுகிறவரிடம் பாடம் கேட்கிறேன் பாருங்கள்.

தும்பி: முதலில் "இயந்திரக் கோளாறு" என்றால் என்னவென்று இரண்டு பேரும்...

சுழலி: தும்பி, குறுக்கே வராதீர்கள். பேச்சு வழக்கில் ஒரு சொல் விழுந்ததும் அதில் தொங்குவது இவருக்குப் பழக்கம், ஆட்டோரொட்டேஷன் (எஞ்சின் நின்றபின் காற்றிலேயே ரோட்டர் சுழன்று இறங்குவது) பற்றிய பழைய விவாத இழையிலும் இதே கதைதான். எடையைப் பொய்யாக எழுதிய கம்பெனியே எஞ்சினைக் குறை சொன்னது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். 2015-ல் அதன் முன்னாள் துணைத் தலைவருக்கு 12 ஆண்டுக்கு மேல் சிறை. போதுமா?

பழைய ஸ்பேனர்: ஆள் ஜெயிலுக்குப் போனால் ஃபில்டர் சுத்தமாகிவிடுமா? ஆட்டோரொட்டேஷனில் வாங்கியது இன்னும் வலிக்கிறது போலிருக்கிறது.

சுழலி: வாங்கியது யார் என்று பழைய பக்கத்தைப் புரட்டுங்கள். ஒன்பதாவது பதிவு.

பழைய ஸ்பேனர்: புரட்டினேன். நீங்கள் திருத்தி எழுதியிருக்கிறீர்கள், கம்பெனி எடையை எழுதிய மாதிரி.

சுழலி: எழுத்துப்பிழை திருத்தினேன்!!

பழைய ஸ்பேனர்: ஃபில்டர்.