ஓய்வுக்காலத்தில் 'கவுண்ட்டவுன்': எழுத்துச் சுற்றில் முன்னேறுவது எப்படி?

கேள்வி – ஹாரோவாசி

லண்டனில் கணக்குத் துறையில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வேலைக்குப் போன நாள்களில் பிற்பகல் நிகழ்ச்சிகளைப் பார்க்க வாய்த்ததில்லை. இப்போது சானல் 4 தொலைக்காட்சியில் வரும், ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் வைத்து ஆடும் 'கவுண்ட்டவுன்' போட்டி நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்பே நானும் என் மனைவியும் ஆளுக்கொரு தாளும் பேனாவுமாக உட்கார்ந்துவிடுகிறோம். 1982 நவம்பர் 2 அன்று அந்த அலைவரிசை தொடங்கியபோது முதலாவதாக ஒளிபரப்பான நிகழ்ச்சி இதுதான் என்பதும், வெற்றி பெறுபவருக்குப் பணமுடிப்பு எதுவுமின்றி ஒரு தேநீர்க் கெண்டியே பரிசு என்பதும் எனக்கு இதை இன்னும் நெருக்கமாக்குகின்றன.

எண் சுற்று எனக்குக் கைவந்த கலை. தரப்படும் ஒன்பது எழுத்துகளிலிருந்து நீளமான ஆங்கிலச் சொல்லைத் தேடும் எழுத்துச் சுற்றில் மட்டும் ஐந்தெழுத்தைத் தாண்டுவதற்குள் 30 விநாடி முடிந்துவிடுகிறது. மனைவிக்கோ எழுத்துச் சுற்று எளிதாக வருகிறது. எண்களைக் கண்டால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார். ஒருவர் பகுதியை மற்றவர் கற்றுக்கொள்ள வழி சொல்லுங்கள். நிகழ்ச்சியைப் பதிவு செய்து, கடிகாரத்தை நிறுத்திவிட்டு யோசிக்கலாம் என்பது என் எண்ணம். அது ஆட்டமே ஆகாது என்கிறார் அவர். உங்கள் கருத்து என்ன?

மறுமொழி – ஆங்கில ஆசிரியை (ஓய்வு)

வணக்கம் ஐயா. ஒன்பது எழுத்துகளையும் ஒரே வரியில் எழுதி வைத்துக்கொண்டு அந்த வரிசையிலேயே பார்த்துக்கொண்டிருந்தால் சொல் எளிதில் தோன்றாது. வட்டமாக எழுதிப் பாருங்கள், கண் ஒரே தடத்தில் சிக்கிக்கொள்ளாமல் இருக்கும். அடுத்து, சொல்லின் தலையைத் தேடாமல் வாலைத் தேடுங்கள். 'இஆர்' (-er), 'இடி' (-ed), 'ஐஎன்ஜி' (-ing), 'ஐஓஎன்' (-ion) போன்ற ஈறுகள் கிடைத்தால் அவற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டு, மிச்சமுள்ள எழுத்துகளில் சிறிய சொல் ஒன்று உண்டா என்று பார்த்தால் போதும். 'எஸ்' வந்திருந்தால் பன்மையாக்கி ஓரெழுத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

எடுத்துக்காட்டாக, 'ட்ரெயின்' (train) என்ற ஐந்தெழுத்துச் சொல் உங்கள் கண்ணில் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். எழுத்துகளில் இன்னொரு 'ஆர்', ஒரு 'இ', ஒரு 'எஸ்' இருந்தால் அது 'ட்ரெய்னர்' (trainer) ஆகி, பின் 'ட்ரெய்னர்ஸ்' (trainers) என்று எட்டெழுத்தாக வளர்ந்துவிடும். அதே எட்டு எழுத்துகளை மாற்றி அடுக்கினால் வடிகட்டியைக் குறிக்கும் 'ஸ்ட்ரெய்னர்' (strainer), 'ரெஸ்ட்ரெய்ன்' (restrain), 'டெரெய்ன்ஸ்' (terrains) ஆகியவையும் கிடைக்கும். ஒன்பதாவது எழுத்து 'ஓ' என்றால் முழு ஒன்பதெழுத்துச் சொல்லே இருக்கிறது. அதற்கு 18 புள்ளிகள். 'ஐஓஎன்' ஈற்றிலிருந்து தொடங்கிப் பாருங்கள், சொல்லை நான் இப்போது சொல்லப்போவதில்லை.

பெரிய எழுத்தில் தொடங்கும் சொற்களையும் இணைகோடு இட்ட சொற்களையும், சொற்களைச் சரிபார்க்கும் 'அகராதி மூலை'யில் ஏற்கமாட்டார்கள். 1992 முதல் அங்கே அமர்ந்திருக்கும் அகராதி அறிஞர் சூசி டென்ட் சொற்களின் பிறப்பைப் பற்றிப் பேசும் பகுதியைத் தவறவிடாதீர்கள். என்னைக் கேட்டால் நிகழ்ச்சியின் உயிரே அதுதான்.

மறுமொழி – எண்பித்தன்

ஐயா, உங்கள் வீட்டு அம்மாவுக்காக எழுதுகிறேன். எண் சுற்றில் ஆறு எண்களும் ஒரு மூன்று இலக்க இலக்கும் தரப்படும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் மட்டுமே செய்யலாம், ஓர் எண்ணை ஒருமுறைதான் பயன்படுத்தலாம், பின்னம் வரக்கூடாது. பெரிய எண்கள் 25, 50, 75, 100 ஆகிய நான்கு மட்டுமே என்பதால், 25-ஆம் வாய்ப்பாட்டையும் 75-ஆம் வாய்ப்பாட்டையும் மனப்பாடம் செய்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. முதலில் இலக்கின் அருகே போய்ச் சேர வேண்டும், பிறகு மிச்சத்தைச் சரிக்கட்ட வேண்டும். சரியாக எட்ட முடியாவிட்டாலும் ஐந்துக்குள் நெருங்கினால் 7 புள்ளி, பத்துக்குள் என்றால் 5 புள்ளி உண்டு. ஆகவே பேனாவைக் கீழே வைப்பதற்குக் காரணமே இல்லை.

அம்மா இதைப் போட்டுப் பார்க்கட்டும்: 75, 50, 8, 6, 3, 2. இலக்கு 431.

உங்களுக்கு ஒன்று, ஐயா. 25, 50, 75, 100, 3, 6 ஆகியவற்றைக் கொண்டு 952 வர வேண்டும் என்ற சுற்றில், போட்டியாளர் ஒருவர் 100-உடன் 6-ஐக் கூட்டி, 3-ஆலும் 75-ஆலும் பெருக்கி 23,850 வரை போய், 50-ஐக் கழித்து, 25-ஆல் வகுத்து 952-இல் வந்து நின்றார். அப்போது எண் பலகையின் அருகே நின்றிருந்த இணைத் தொகுப்பாளர் கேரல் வோர்டர்மன் வியந்துபோனார். அந்தக் காட்சி இன்றும் இணையத்தில் சுற்றி வருகிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

மறுமொழி – குரோய்டன் பாட்டி

கடிகாரத்தை நிறுத்தும் விஷயத்தில் நான் உங்கள் மனைவியின் பக்கம். ஒளிப்பதிவுக் கூடத்தில் ஆடுபவருக்கும் வீட்டில் இருப்பவருக்கும் அதே எழுத்துகள், அதே 30 விநாடி என்பதால்தான் இந்த நிகழ்ச்சியை வேடிக்கை பார்க்காமல் நாமும் கூடவே ஆட முடிகிறது. முதலில் நேரத்தோடு ஆடி, கிடைத்த புள்ளியை எழுதிவிடுங்கள். அதன் பிறகு வேண்டுமானால் நிறுத்தி, விட்டுப்போனதை நிதானமாகத் தேடிப் பாருங்கள், அதற்குப் புள்ளி கிடையாது. எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்கிறோம். கடைசியில் வரும் ஒன்பதெழுத்துப் புதிருக்கு மட்டும் யார் முதலில் குரல் கொடுக்கிறார்களோ அவருக்கே 10 புள்ளி.

ஹாரோவாசி

மூவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் தந்த கணக்கை மனைவியிடம் கொடுத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். 75-ஐ 6-ஆல் பெருக்கி 450, எட்டிரண்டு பதினாறோடு 3 சேர்த்து 19, அதைக் கழித்தால் 431 என்று நேரம் முடிவதற்குள் எழுதிக் காட்டினார். 50 தேவைப்படவே இல்லை. ஆசிரியை அம்மா சொன்ன ஒன்பதெழுத்துச் சொல் எனக்கு மறுநாள் காலையில்தான் பிடிபட்டது: ரம்பப் பல் போன்ற விளிம்பைக் குறிக்கும் 'செரேஷன்' (serration) சரிதானே? இதுபோல் ஈற்றிலிருந்து வளரும் சொற்கள் இன்னும் சில இருந்தால் இங்கே இடுங்கள்.