புதுப்பிப்பு: பாட்டு வைத்து ‘இஃப்’ வாக்கியங்கள்

ஆங்கில நிபந்தனை வாக்கியங்களைப் பாட்டு வைத்து நடத்தலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். நடத்தியாயிற்று. பியான்சேயின் 2008 பாடல் ‘இஃப் ஐ வேர் எ பாய்’ எடுத்தேன். நிஜமல்லாததைக் கற்பனை செய்யும்போது வரும் வடிவம், தலைப்பிலேயே ‘வாஸ்’ இல்லாமல் ‘வேர்’ என்று வருகிறதே! வரிகளில் வினைச்சொற்களை அழித்துவிட்டு, கேட்டு நிரப்பச் சொன்னேன்.

பாட்டு காதைப் பழக்கியது, அவ்வளவுதான். வாயைத் திறக்க வைத்தது சங்கிலி விளையாட்டு. ஒருவர் ‘இஃப் ஐ மிஸ்ட் த பஸ், ஐ வுட் பி லேட்’ என்றால், அடுத்தவர் ‘இஃப் ஐ வேர் லேட்’ என்று தொடங்க வேண்டும். ‘வுட்’டைக் கழற்றி இறந்தகாலமாக்கினால்தான் சங்கிலி நகரும். ‘இஃப் ஐ வுட்’ என்று தவறாகச் சொல்லும் பழக்கம் இங்கேதான் குறைந்தது.

அப்புறம், மூன்றாம் வகையை, அதாவது ‘இஃப் ஐ ஹாட் மிஸ்ட் த பஸ்’ என்று முடிந்துபோனதை மாற்றிக் கற்பனை செய்யும் வாக்கியங்களை, இன்னும் தொடவில்லை. அதற்கு விளையாட்டு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.