பருவ ஈரநிலம்: கிராவல் நிலங்களுக்கு வேண்டிய ஒரு கலைச்சொல்

அனைவருக்கும் வணக்கம்.

'வெட்லேண்ட்' என்பதற்கு 'ஈரநிலம்' இருக்கிறதே, இதற்குமேல் என்ன விவாதம் என்று முந்தைய மடலில் நண்பர் கேட்டிருந்தார். பொதுச்சொல்லாக அது எனக்கும் சம்மதம்தான். ஆனால் வேலூர்ப் பக்கம் கிராவல் (சரளை மண்) வெட்டி எடுக்க அனுமதி கேட்கும் நிலங்களைப் பற்றித் தமிழில் சுற்றுச்சூழல் அறிக்கை எழுத உட்கார்ந்தால் அந்த ஒரு சொல் போதவில்லை.

ஈரநிலம் என்றதும் நம் ஊரில் எல்லாருக்கும் ஏரிதான் நினைவுக்கு வரும். பழைய வடஆர்க்காடு ஏரிப்பாசன நாடு, அப்படித்தான் வரும். ஆனால் மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள், பாசனத்துக்கென்றே கட்டிய நீர்நிலைகளை ஈரநிலக் கணக்கில் சேர்ப்பதில்லை. நெல்வயலும் ஆற்றின் போக்கும்கூட அதில் வராது. மிச்சம் இருப்பது கரட்டடியில் தானாக அமைந்த பள்ளமும், மழை விட்ட பிறகும் சில வாரம் கசிந்துகொண்டிருக்கும் சரிவும்தான். விதிகளின்படி தற்காலிகமாக நீர் நிற்கும் இடமும் ஈரநிலமே. 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் உருவான பன்னாட்டு ஈரநில உடன்படிக்கையும் அதையே சொல்கிறது. ஆனால் நம் வருவாய்ப் பதிவேட்டில் அந்த இடம் 'தரிசு' அல்லது 'கல்லாங்குத்து'. அதைப் பார்த்து அறிக்கை எழுதுகிறவர் 'ஈரநிலம் இல்லை, முட்புதர் மட்டும்' என்று முடித்துவிடுவார்.

கிராவல் மேட்டுக்கும் இந்த ஈரத்துக்கும் உள்ள தொடர்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேட்டில் விழும் மழை சரளைக்குள் இறங்குகிறது. கீழே களியோ பாறையோ தடுத்ததும் பக்கவாட்டில் நகர்ந்து மேட்டின் அடிவாரத்தில் கசிகிறது. மேட்டை வெட்டி எடுத்தால் அந்தக் குழியில் தண்ணீர் நிற்கலாம், கீழே இருந்த கசிவு நின்றுபோகும். அதாவது கிராவல் எடுக்கும் குத்தகை எல்லைக்குள் வறண்டு தெரியும் மேடும், எல்லைக்கு வெளியே இருக்கும் ஈரப் பள்ளமும் ஒரே அமைப்பு.

அப்புறம் காலம். சுரங்கத் திட்டங்களின் சுற்றுச்சூழல் அறிக்கைக்கு மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத் தரவு போதும் என்பது வழக்கமான நிபந்தனை. மார்ச் முதல் மே வரையான கோடையும் அதில் அடங்கும். மே மாதத்தில் வேலூர் வெயிலில் நின்று தண்ணீரைத் தேடினால் கிடைக்குமா? தேட வேண்டியது வேறு. நீர்முள்ளி காய்ந்துபோனாலும் கணுவுக்குக் கணு முள்ளோடு தண்டு நிற்கும். ஆரைக்கீரையின் நாலிலை மறைந்திருக்கும், ஆனால் மண்ணைக் கிளறினால் இலைக்காம்பு இருந்த இடத்தில் உளுந்து அளவில் கெட்டியான விதைப்பை போன்ற ஒன்று கிடைக்கும். ஆரை பூக்காத செடி, பெரணி இனம், ஆகவே அது விதை அல்ல, வித்துக்கூடு. பல வருடம் வறண்டு கிடந்தாலும் நனைந்ததும் முளைக்கும். மண்ணும் காட்டிக்கொடுக்கும்: சுற்றிலும் செம்மண்ணாக இருக்க, அந்த இடத்தில் மட்டும் சாம்பல் நிறமும் வேர் போன வழியில் துருநிறக் கோடுகளும் இருக்கும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். 'சதுப்பு நிலம்' பொருந்தாது. அது பள்ளிக்கரணை போன்ற இடத்தைத்தான் மனதில் கொண்டுவரும். 'தாங்கல்' நம் வட்டாரச் சொல், அழகானது, ஆனால் பாசனக் குளமாகவே பதிவேடுகளில் இடம்பிடித்துவிட்டது. 'ஊறல்' பொருளளவில் மிகச் சரி. ஆனால் நம் மாவட்டச் செய்திகளில் சாராய ஊறல் என்றே படித்துப் பழகிவிட்டோம், அரசு ஆவணத்தில் குழப்பம் வரும். 'தற்காலிக ஈரநிலம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். தற்காலிகம் என்றால் ஒருமுறை வந்து போய்விடும் என்று படும், இதுவோ ஒவ்வொரு மழைக்கும் அதே இடத்தில் திரும்பும்.

என் முன்மொழிவு 'பருவ ஈரநிலம்'. அதன் ஒரு வகையாக, மேட்டடியில் ஊறுவதற்குக் 'கசிவு நிலம்'. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஆடு மேய்ப்பவர் எழுந்து 'அங்க பருவ ஈரநிலம் இருக்குங்க' என்று சொல்ல முடியும், கேட்பவருக்கும் விளக்கவுரை வேண்டியதில்லை.

அதே அறிக்கைகளில் வரும் இன்னொரு சொல்லான 'வெஜிடேஷன்' பற்றியும் சுருக்கமாக. 'நிலைத்திணை' ஏட்டோடு நின்றுவிடும். 'தாவரங்கள்' என்று போட்டால் பெயர்ப்பட்டியல் கொடுத்தால் போதும் என்றாகிவிடுகிறது. துரிஞ்சியும் காரையும் களாவும் எவ்வளவு நெருக்கமாக, எந்தப் பக்கச் சரிவில் நிற்கின்றன என்பதும் வேண்டும். 'தாவரப் பரப்பு' என்று வைக்கலாம். கிராவலுக்குச் சரளை என்று எழுதினாலும் அடைப்பில் கிராவல் இருக்கட்டும், ஆணைகளில் அந்தச் சொல்தான் இருக்கிறது.

வரையறையாக இதை வைக்கிறேன்: 'ஆண்டில் ஒரு பகுதி மட்டும் நீர் நின்றோ கசிந்தோ, வறண்ட மாதங்களிலும் தன் செடிகளாலும் மண்ணாலும் அடையாளம் தெரியும் இயற்கை நிலம், பருவ ஈரநிலம்.' திருத்தம் இருந்தால் எழுதுங்கள். குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டுப் பக்கம் இருப்பவர்கள் அங்கே மேய்ச்சல்காரர்கள் இதை எப்படி அழைக்கிறார்கள் என்று கேட்டுச் சொன்னால், சொல்லை முடிவு செய்யும் முன் சேர்த்துப் பார்த்துவிடலாம்.