புது கிளவுட் அக்கவுண்டில் ஜிபியு மெஷின் எடுக்க முடியவில்லை, என்ன செய்வது?

முதுநகர்_தம்பி:
கடலூர் துறைமுகத்தில் எடுத்த மீன் படங்களை வைத்து இது சங்கராவா, கிழங்கானா, பாறையா என்று சொல்கிற மாடல் ஒன்றைக் கல்லூரி ப்ராஜெக்டுக்காகச் செய்கிறேன். லேப்டாப் தாங்காது என்று கிளவுடில் புதிதாக அக்கவுண்ட் திறந்தேன், கார்டு எல்லாம் ஏற்றாகிவிட்டது, சின்ன மெஷின் ஓடவும் செய்கிறது. ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) உள்ள மெஷின் என்று போனால் மட்டும் விசிபியு (விர்ச்சுவல் ப்ராசசர்) லிமிட் தாண்டிவிட்டது என்கிறது. இதுவரை ஒன்றுகூட எடுக்காதவன் எதைத் தாண்டினேன்? ரீஜன் (சர்வர் இருக்கும் இடம்) மாற்றினாலும் அதேதான். வேறு மெயிலில் இன்னொரு அக்கவுண்ட் போடலாமா?

வில்லியனூர்_அட்மின்:
அதை மட்டும் செய்யாதே தம்பி. புது அக்கவுண்டிலும் இதே கதைதான், கூடவே இலவச கிரெடிட்டுக்காக இரண்டு திறந்தாய் என்று நினைத்து இரண்டையும் பூட்டிவிட்டால் ப்ராஜெக்ட் அம்போ. எந்த கிளவுட் என்று நீ சொல்லவில்லை, ஆனால் புதியவர்களுக்கு ஜிபியு கோட்டா, அதாவது எடுக்க விடும் அளவு, பெரும்பாலும் 0. ஒன்று கேட்டாலே தாண்டினதாகத்தான் கணக்கு. திருட்டு கார்டில் அக்கவுண்ட் திறந்து ராத்திரியோடு ராத்திரியாக கிரிப்டோ காயின் மைனிங் ஓட்டுகிற ஆட்களால் வந்த வினை.

ஏடபிள்யூஎஸ் (அமேசான் கிளவுட்) என்றால் சர்வீஸ் கோட்டாஸ் பக்கத்தில் ஈசி2-வை (மெஷின் வாடகைக்குத் தரும் சேவை) திறந்து, 'ரன்னிங் ஆன்-டிமாண்ட் ஜி அண்ட் விடி இன்ஸ்டன்சஸ்' என்ற வரியைப் பார். அங்கே கேட்கும் எண் எத்தனை மெஷின் என்பது இல்லை, எத்தனை விசிபியு என்பது. ஜி4டிஎன் எக்ஸ்லார்ஜ் என்ற ஜிபியு மெஷின் ஒன்றுக்கே 4 வேண்டும், 1 என்று கேட்டு வாங்கினால் அதை வைத்து ஒன்றும் பண்ண முடியாது. ரீஜனுக்கு ரீஜன் தனிக் கணக்கு, மும்பைக்கு வாங்கியது ஹைதராபாத்தில் செல்லாது. மிச்சம் கிடப்பதை மலிவாகத் தரும் ஸ்பாட் மெஷினுக்கும் வேறு கோட்டா. காரணம் கேட்டால் 'ப்ராஜெக்ட்' என்று ஒற்றை வார்த்தையில் முடிக்காமல், என்ன மாடல், எந்த மெஷின், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று எழுது. படிப்பவரும் மனுஷன்தானே.

லாஸ்பேட்டை_85:
மேலே சொன்னது சரி, ஆனால் கூகுள் கிளவுடில் 90 நாள் 300 டாலர் ட்ரையலில் இருந்தால் கோட்டா கேட்கவே முடியாது, ஜிபியுவும் சேர்க்க முடியாது. மைக்ரோசாஃப்டின் அஷூர் ஃப்ரீ ட்ரையலிலும் கோட்டா கூட்டித் தர மாட்டார்கள். முதலில் பெய்ட் ஆக்க வேண்டும், அப்புறம்தான் விண்ணப்பம். கூகுளில் ரீஜன் கோட்டா போக 'ஆல் ரீஜன்ஸ்' என்று இன்னொன்று இருக்கிறது, அது 0-வாகவே நின்றால் மெஷின் எழும்பாது.

எரரில் 'வெரிஃபிகேஷன்' என்று வருபவர்களுக்கு ஒன்று: அது கோட்டா பிரச்சினை இல்லை, அக்கவுண்டைச் சரிபார்க்கிறார்கள், மெயிலுக்குக் காத்திருக்க வேண்டும். பில்லிங் முகவரி பேங்கில் இருப்பதுபோல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பின்கோடு 605 என்றதும் நம் பக்கத்தில் பலர் மாநிலத்தைப் புதுச்சேரி என்று போட்டுவிடுகிறார்கள், விழுப்புரத்துக்கும் 605தான்.

முதுநகர்_தம்பி:
ட்ரையல் இல்லை அண்ணா, ஏடபிள்யூஎஸ்தான், அந்த வரியில் 0 என்றுதான் இருந்தது. மும்பைக்கு 4 கேட்டு அனுப்பிவிட்டேன். அடுத்த வாரம் ரிவ்யூ, அதுவரை என்ன செய்வது?

வில்லியனூர்_அட்மின்:
காகிள் என்ற டேட்டா சயின்ஸ் தளத்தில் மொபைல் எண்ணை வெரிஃபை செய்தால் வாரத்துக்குச் சுமார் 30 மணி நேரம் ஜிபியு சும்மாவே கிடைக்கும், மீன் படத்துக்கு அதுவே தாராளம். கோட்டா வந்த பிறகு மெஷினை எழுப்புமுன் பட்ஜெட் அலெர்ட் போட்டுவிடு. ஸ்டாப் செய்தாலும் டிஸ்குக்குக் காசு ஓடும், வேலை முடிந்ததும் டெர்மினேட் பண்ணு.