ரெட் டாட் வாங்கணும்: புள்ளி கமா மாதிரி தெரியுது, வெயில்ல காணாமலே போகுது. எதை எடுக்கலாம்?

சி_கிளாஸ்_சின்னையா:
வணக்கம். டெக்சாஸ்ல இருக்கேன், வயசு 46. மூணு வருஷமா யு.எஸ்.பி.எஸ்.ஏ. (ஓடி ஓடிச் சுடற பிஸ்டல் போட்டி) மேட்ச் போறேன். புரொடக்‌ஷன் டிவிஷன்ல சி கிளாஸ் (ஏ, பி-க்குக் கீழ). போன வருஷத்துல இருந்து முன் சைட்டு கண்ணுக்குப் பிடிபடறதில்ல, பஞ்சு ஒட்டின மாதிரி தெரியுது. அதனால இரும்புச் சைட்டை விட்டுட்டு, கண்ணாடி ஜன்னல்ல ஒளிப்புள்ளி காட்டற ரெட் டாட் சைட்டு வெச்சுச் சுடற கேரி ஆப்டிக்ஸ் டிவிஷனுக்கு மாறிடலாம்னு முடிவு பண்ணிட்டேன். துப்பாக்கி கிளாக் 34, ஜென் 5 எம்.ஓ.எஸ்., அதாவது மேல நகர்ற ஸ்லைடுல சைட்டு மாட்ட இடம் விட்டது.

வாங்கறதுக்கு முன்னாடி பழகிப் பார்ப்போம்னு நண்பர் ஒருத்தர்கிட்ட ஒரு சின்ன ஜன்னல் சைட்டு, 3 எம்.ஓ.ஏ. (புள்ளியோட அளவைச் சொல்ற கோண அலகு), கடன் வாங்கி நானே மாட்டினேன். ரெண்டு மேட்ச் சுட்டாச்சு. வந்த தொல்லைகள்:

புள்ளி வட்டமா இல்ல, வால் வெச்ச கமா மாதிரி இருக்கு. ஹோல்ஸ்டர்ல இருந்து எடுத்து நீட்டினா ஜன்னல்ல புள்ளியே இருக்காது, முக்கால் செகண்டு தேடணும். கொட்டகை நிழல்ல நின்னு வெயில்ல இருக்கற டார்கெட்டைப் பார்த்தா புள்ளி கரைஞ்சே போகுது. ரெண்டாவது மேட்ச்ல நாலாவது ஸ்டேஜுக்கு அப்புறம் குண்டெல்லாம் இடது பக்கம் கீழே போச்சு.

இப்ப கேள்வி: டிரிஜிகான் எஸ்.ஆர்.ஓ. எடுக்கலாமா, ஹோலோசன் 507 காம்ப் எடுக்கலாமா? 2.5 எம்.ஓ.ஏ.வா, 5 எம்.ஓ.ஏ.வா? முதலாவது ஐந்நூறு டாலருக்கு மேல, ரெண்டாவது முந்நூற்றைம்பது பக்கம் வருது. வீட்ல ஒரு தடவைதான் கேட்க முடியும்.

ஆர்ஓ_அண்ணாச்சி:
தம்பி, பர்ஸை உள்ள வையி. நீ சொன்ன நாலு தொல்லைல ஒண்ணே ஒண்ணுக்குத்தான் புது சைட்டு பதில், அதுவும் பாதிதான்.

கடைசில இருந்து வாரேன். வலது கைக்காரனுக்கு இடது கீழ போச்சுன்னா முதல்ல விரலைச் சந்தேகப்படணும், சைட்டை இல்ல. டிரிகரை வெடுக்குன்னு இழுத்தா குண்டு அங்கதான் போகும். இத்தனை வருஷம் ரேஞ்ச் ஆபீசரா டைமரைப் பிடிச்சிட்டு ஆளுங்க பின்னாடி ஓடிட்டிருக்கேன், "சைட்டு நகந்துட்டு"ன்னு சொன்னவன்ல பாதிப் பேருக்கு நகந்தது கைதான். சரிபாக்க, மணல் மூட்டை மேல துப்பாக்கியை வெச்சு 15 யார்டுல அஞ்சு குண்டு நிதானமா போடு. அங்கயும் இடம் மாறியிருந்தா சைட்டு. இல்லன்னா நீ.

சைட்டுன்னா ஸ்க்ரூவைப் பாரு. மாட்டும்போது என்ன பண்ணினன்னு எழுது. எண்ணெய் துடைச்சியா? திரெட் லாக்கர் (ஸ்க்ரூ கழலாம பிடிக்கிற பசை) போட்டியா? டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டுற சாவி) வெச்சு இறுக்கினியா?

சி_கிளாஸ்_சின்னையா:
அண்ணாச்சி, உண்மையைச் சொல்லிடறேன். ஐக்கியா அலமாரியோட வந்த எல் சாவி மாதிரி ஒண்ணு. "போதும்"னு தோணற வரைக்கும் இறுக்கினேன்.

ஆர்ஓ_அண்ணாச்சி:
வெளங்கிரும்.

கேளு. ஓட்டையையும் ஸ்க்ரூவையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வெச்சு சுத்தமா துடை. ஃபாக்டரி எண்ணெய் இருந்தா எந்தப் பசையும் நிக்காது. நீல லாக்டைட், அதான் அந்தப் பசை, ஒரே பொட்டு, ஸ்க்ரூ நுனில. வழியவிட்டேன்னா அது ஸ்லைடுக்குள்ள இறங்கும். டிரிஜிகான் ஆர்.எம்.ஆர்.ங்கற சைட்டுக்குச் சொல்ற இறுக்க அளவு 12 இஞ்ச்-பவுண்டு, மத்ததுக்கு அததோட காகிதத்துல இருக்கிற எண். முதல்ல ஸ்லைடுக்கும் சைட்டுக்கும் நடுவுல இருக்கிற பிளேட்டை இறுக்கு, அப்புறம் சைட்டை. நிறைய பேர் மேல இருக்கிற ரெண்டு ஸ்க்ரூவையே திருகிட்டிருப்பான், ஆடுறது கீழ இருக்கிற பிளேட்டா இருக்கும்.

இன்னொண்ணு, உன் துப்பாக்கிக்கு முக்கியம். எம்.ஓ.எஸ். ஸ்லைடுல வலது பக்க ஸ்க்ரூ ஓட்டைக்கு நேர் கீழதான் காலி கேஸை இழுத்து வெளிய எடுக்கிற எக்ஸ்ட்ராக்டரோட தடி ஓடுது. ஸ்க்ரூ ஒரு நூல் நீளமாப் போனா அது தடியை அமுக்கும், காலி கேஸ் வெளிய வராம சிக்கும். அதை அம்மோ கோளாறுன்னு நினைச்சு மாசக்கணக்கா அலைஞ்சவனைப் பாத்திருக்கேன். அந்தந்த பிளேட்டோட வந்த ஸ்க்ரூவைத் தவிர வேற போடாதே.

எல்லாம் முடிஞ்சதும் ஸ்க்ரூ தலையிலயிருந்து சைட்டு உடம்பு வரைக்கும் வெள்ளை பெயின்ட் பேனாவால ஒரு கோடு. பெயின்ட் பேனா இல்லன்னா வீட்ல நெயில் பாலிஷ் இருக்கும். ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் அந்தக் கோட்டை ஒரு பார்வை. கோடு உடைஞ்சிருந்தா ஸ்க்ரூ திரும்பிட்டுன்னு அர்த்தம்.

கண்ணாடிக்கடை_மீனா:
நான் சுடுறதில்லை, என் வீட்டுக்காரர் சுடுறார். ஆனா கண் என் தொழில், அதனால கமாவுக்கு மட்டும் வர்றேன்.

சின்னையா சார், மூணு சோதனை பண்ணுங்க. சைட்டைத் துப்பாக்கில இருந்து கழட்டிக் கையில வெச்சுக்கிட்டே பண்ணலாம், அதுதான் நல்லது. ஒண்ணு, சைட்டை மெதுவா கடிகாரம் மாதிரி சுத்துங்க. கமாவோட வால் சைட்டோட சேர்ந்து சுத்தினா சைட்டுல கோளாறு. வால் அதே திசையில நின்னா உங்க கண்ணுல. ரெண்டு, போன் கேமராவை ஜன்னலுக்குப் பின்னாடி வெச்சு ஃபோட்டோ எடுங்க. ஃபோட்டோல வட்டமா இருந்தா சைட்டு நிரபராதி. மூணு, விசிட்டிங் கார்டுல குண்டூசியால ஒரு ஓட்டை போட்டு அது வழியா பாருங்க. புள்ளி திடீர்னு சுருங்கி வட்டமானா அது அஸ்டிக்மாட்டிசம். கருவிழி பந்து மாதிரி இல்லாம லேசா முட்டை வாக்குல இருக்கறதுதான் காரணம், பெரிய வியாதி இல்ல.

கண்ணாடி போடறீங்களா? புரோகிரஸிவா?

சி_கிளாஸ்_சின்னையா:
ஆமா மேடம், புரோகிரஸிவ். மூணும் செஞ்சேன். சுத்தினாலும் வால் அதே இடத்துல, நாலு மணி திசையில நிக்குது. ஃபோட்டோல அழகான வட்டம். கார்டு ஓட்டை வழியா பார்த்ததும் எனக்கே சிரிப்பு வந்துடுச்சு, குங்குமப் பொட்டு மாதிரி இருந்துச்சு. முந்நூற்றைம்பது டாலர் செலவு பண்ணி அதே கமாவை வாங்கியிருப்பேன்.

கண்ணாடிக்கடை_மீனா:
அதேதான். ரெட் டாட்ல புள்ளி தூரத்துல இருக்கற மாதிரிதான் கண்ணுக்கு விழும், பார்வையும் டார்கெட் மேலதான் நிக்கணும். அப்போ உங்களுக்கு வேண்டியது தூரப் பார்வைப் பவர் மட்டும். புரோகிரஸிவ்ல தலையைக் கொஞ்சம் நிமிர்த்தினாலே கண் கீழ்ப்பகுதி லென்ஸுக்கு இறங்கிடும், அங்க படிக்கற பவர் இருக்கு. தூரத்துக்கு மட்டும், சிலிண்டர் பவர் (அஸ்டிக்மாட்டிசத்துக்கான பவர்) சரியா சேர்த்து, பாலிகார்பனேட்டுல ஒரு பாதுகாப்புக் கண்ணாடி பண்ணிக்குங்க. கடைசியா எப்போ செக் பண்ணீங்க? சிலிண்டர் பவரும் அச்சும் வயசோட மாறும்.

அதுவரைக்கும் பிரைட்னஸைக் குறைங்க. அதிக வெளிச்சத்துல வால் நீளும். சிலருக்குப் பச்சைப் புள்ளி தெளிவா இருக்கும், சிலருக்கு ஒரு வித்தியாசமும் இருக்காது. அதை நம்பிக் காசு போடாதீங்க.

பாசல்_தம்பி:
அண்ணை, நான் சுவிஸில இருந்து எழுதுறன். இங்க ஐ.பி.எஸ்.சி. (உலக அளவில நடக்கிற இதே விளையாட்டு) புரொடக்‌ஷன் ஒப்டிக்ஸ் சுடுறனான். எங்களுக்கு மகசினுக்கு 15 ரவுண்ட்தான், உங்கட 141.25 மில்லிமீற்றர் நீட்டு மகசினைப் பார்க்க வயித்தெரிச்சல்.

புள்ளி தேடுறதைப் பற்றிக் கதைப்பம். இரும்புச் சைட்டில பழகின எல்லாருக்கும் இது வரும். புள்ளி இரும்புச் சைட்டை விட உயரத்தில இருக்கு, அதால பழைய பழக்கத்தில நீட்டினா துவக்கின்ர மூக்கு மேல பார்த்தபடி நிக்கும். மூக்கு மேல போனா புள்ளி ஜன்னலுக்கு மேலால போயிடும். நீங்கள் துவக்கை ஆட்டி ஆட்டித் தேடுறியள், அது இன்னும் தள்ளிப் போகுது. மூக்கைக் கொஞ்சம் பதிச்சா புள்ளி மேலேயிருந்து இறங்கி வரும்.

வீட்டில செய்யிற பயிற்சி: வெறும் துவக்கு, ரவுண்ட் எல்லாம் வேற அறையில. சுவரில ஒரு சின்ன அடையாளத்தைப் பாருங்கோ. கண்ணை மூடி, எடுத்து நீட்டி, கண்ணைத் திறவுங்கோ. புள்ளி எங்க நிக்குது? அடையாளத்தில இல்லையெண்டா கையைத் திருத்தாமல் திரும்ப ஹோல்ஸ்டரில வைச்சு முதலில இருந்து செய்யுங்கோ. நான் ஒவ்வொரு நாளும் பத்து நிமிசம், ஆறு கிழமை செய்தன். ஜன்னல் பெருசு எண்டா இந்தப் பிழையைக் கொஞ்சம் மன்னிக்கும், திருத்தாது.

இன்னுமொண்டு: சைட்டுக் கண்ணாடியின்ர முன்பக்கத்தில மறைக்கிற டேப் ஒட்டிப் பாருங்கோ. ஒரு கண்ணுக்குப் புள்ளி, மற்றக் கண்ணுக்கு டார்கெட், மூளை இரண்டையும் சேர்க்கும். புள்ளியையே முறைச்சுப் பார்க்கிறனியள் எண்டா அப்ப ஒண்டும் தெரியாது, உடனே பிடிபடும்.

வாங்கிறதெண்டா என்ர வாக்கு, எமிற்றர் (புள்ளியை எறியிற சின்ன விளக்கு) உள்ளுக்கு அடைபட்டிருக்கிற மூடின சைட்டுக்கு. இங்க மழையில திறந்த சைட்டில ஒரு துளி எமிற்றருக்கு மேல விழுந்தாப் போதும், புள்ளி சிதறி நட்சத்திரமாப் போயிடும். நான் ஏய்ம்பொயின்ற் ஏக்ரோ பி-2 வைச்சிருக்கிறன்.

ஆர்ஓ_அண்ணாச்சி:
பாசல் தம்பி சொன்ன பயிற்சி ரெண்டும் தங்கம். மூடின சைட்டு மட்டும் டெக்சாஸுக்கு ஒத்துக்க மாட்டேன். அதோட ஜன்னல் சின்னது, இங்க மழையை விட வெயில்தான் எதிரி. திறந்த சைட்டுன்னா தூசியும் சட்டைப் பஞ்சும் எமிட்டர்ல விழும், மேட்ச்சுக்கு முன்னாடி பட்ஸ் வெச்சு ஒரு துடை, முடிஞ்சது.

வெயில் பத்தி யாரும் பேசலியே. சின்னையா, உன் கடன் சைட்டு ஆட்டோ மோடுல இருக்கான்னு பாரு. அதோட சென்சார் நீ நிக்கற இடத்து வெளிச்சத்தைத்தான் அளக்கும், டார்கெட்டு மேல விழுற வெளிச்சத்தை இல்ல. நீ கொட்டகை நிழல்ல, டார்கெட் மத்தியான வெயில்ல வெள்ளைவெளேர்னு. சைட்டு "நிழலு, போதும்"னு புள்ளியை மங்கலாக்கிடுது. மேனுவல்ல போடு. "மேக் ரெடி" (தயார் பண்ணுங்கற உத்தரவு) சொன்னதும் அந்த ஸ்டேஜ்லயே ரொம்ப வெளிச்சமான டார்கெட்டைப் பார்த்துப் பிரைட்னஸை வை.

இனி வாங்கற கதை. நீ கேட்ட ரெண்டு சைட்டுமே ஆர்.எம்.ஆர். கால்தடம் (அடியில ஸ்க்ரூ ஓட்டை அமைப்பு), உன் எம்.ஓ.எஸ்.ஸோட 02 பிளேட்டுலயே உக்காரும். கேரி ஆப்டிக்ஸ்ல துப்பாக்கிக்கு எடை வரம்பு 59 அவுன்ஸ், நீ அதைத் தொட வாய்ப்பே இல்ல. எம்.ஓ.ஏ. கணக்கு: 25 யார்டுல 5 எம்.ஓ.ஏ. புள்ளி ஒண்ணேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல. டார்கெட்டுல முழு மார்க் கிடைக்கிற ஏ-ஜோன் அகலம் 6 அங்குலம். புள்ளி டார்கெட்டை மறைச்சிரும்னு பயப்படுறது வீண் பயம். அதனால எஸ்.ஆர்.ஓ.ன்னா 5 எடு. 507 காம்ப்ல 2 எம்.ஓ.ஏ. புள்ளியோட 8, 20, 32 எம்.ஓ.ஏ. வளையங்கள் மாத்தி மாத்தி வெச்சுக்கலாம். 25 யார்டுல 32 வளையம் கிட்டத்தட்ட 8 அங்குலத் தட்டு அளவு. எனக்கு வளையம் பிடிக்காது, கண்ணுக்கு முன்னாடி கோலம் போட்ட மாதிரி இருக்கும். ஆனா புதுசா மாறறவனுக்கு உதவும்: புள்ளி வெளிய போனாலும் வளையத்தோட விளிம்பு தெரியும், எந்தப் பக்கம் போச்சுன்னு புரியும். பேட்டரி எஸ்.ஆர்.ஓ.ல மேலயே, 507 காம்ப்ல பக்கவாட்டுத் தட்டுல. ரெண்டையும் கழட்டாமலே மாத்தலாம், ஜீரோ (புள்ளியும் குண்டும் ஒரே இடத்துல சேர வெச்ச அமைப்பு) கெடாது.

அடுத்த மேட்ச்ல உன் ஸ்குவாட்ல (சேர்ந்து சுடற குழு) ரெண்டு சைட்டும் யார்கிட்டயாவது இருக்கும். சேஃப்டி டேபிள்ல அவங்களைக் கேட்டு ஒரு தடவை நீட்டிப் பாரு. அம்மோ அங்க கையிலயே இருக்கக்கூடாதுன்னு உனக்குத் தெரியும்.

ஏர்பிஸ்டல்_கோவை:
குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். நான் 10 மீட்டர் ஏர் பிஸ்டல். என் கண்ணும் இதே நிலைமை. இதுல ஒண்ணை மாட்டிக்கலாமா?

ஆர்ஓ_அண்ணாச்சி:
பழக மாட்டிக்கலாம், போட்டியில முடியாது. உங்க விளையாட்டை நடத்துற ஐ.எஸ்.எஸ்.எஃப். பிஸ்டல் போட்டி எல்லாத்துலயும் திறந்த இரும்புச் சைட்டு மட்டும்தான். உங்க கதையை மீனாம்மாகிட்ட கேளுங்க, முன் சைட்டுத் தூரத்துக்குப் பவர் போட்டுக் கண்ணாடி பண்ணுவாங்க. நம்ம பக்கம் கதை வேற: 1990ல அடிலெய்டுல அமெரிக்கர் டக் கோனிக் ரெட் டாட் வெச்சு ஐ.பி.எஸ்.சி. உலகப் பட்டத்தையே அடிச்சாரு.

சி_கிளாஸ்_சின்னையா:
அஞ்சு வாரம் கழிச்சு வர்றேன், கணக்கு சொல்லணும்ல.

மணல் மூட்டை சோதனை பண்ணினேன். குண்டு கூட்டமா இடது பக்கம் 3 அங்குலம் தள்ளி. கீழே போகல. பிளேட்டு ஸ்க்ரூவை விரலாலயே திருக முடிஞ்சது. ஆக இடது ஸ்க்ரூ குத்தம், கீழே என் குத்தம். அண்ணாச்சிக்குப் பாதி வெற்றி.

சிலிண்டர் பவர் நிஜமாவே மாறியிருந்தது. புதுக் கண்ணாடியில கமா இல்ல, லேசா நீண்ட வட்டம், அவ்வளவுதான். ஸ்குவாட்ல ரெண்டு சைட்டும் பார்த்துட்டு 507 காம்ப் எடுத்தேன். விலையும் ஒரு காரணம், வளையமும் ஒரு காரணம். முதல் ரெண்டு வாரம் 20 வளையம் வெச்சேன், இப்ப வெறும் புள்ளிக்கு வந்துட்டேன். 25 யார்டுல ஜீரோ. அதுக்கு நான் கொடுத்த விலை: 3 யார்டுல நோ-ஷூட்டுக்கு (சுட்டா மார்க் குறையற அட்டை) மேல பாதி தெரிஞ்ச தலைக்குக் குறி வெச்சேன், குண்டு ஒரு அங்குலம் கீழ இறங்கி நோ-ஷூட்லயே விழுந்துச்சு. கிட்டத்துல மேல பிடிக்கணும்னு யாராவது சொல்லியிருக்கலாம்.

ஆர்ஓ_அண்ணாச்சி:
குழலுக்கு மேல ஒரு அங்குலத்துக்கும் கூடுதலா சைட்டு உக்காந்திருக்குல்ல. சொல்லியிருக்கணும், என் தப்பு. நண்பரோட சைட்டைத் திருப்பிக் கொடுத்தாச்சா?

சி_கிளாஸ்_சின்னையா:
புது பேட்டரி போட்டுக் கொடுத்துட்டேன். ஆட்டோல இருந்ததை மேனுவலுக்கு மாத்தியிருக்கேன்னு சொன்னேன். "அதுல மேனுவல்னு ஒண்ணு இருக்கா?"ன்னார். ரெண்டு வருஷமா அதை வெச்சுச் சுடறாராம், ஏ கிளாஸ்.