மறுமொழி: ஆஞ்சியோடிஸ்பிளேசியா – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். ஆஞ்சியோடிஸ்பிளேசியா, அதாவது குடல் சுவரின் சிறு குருதிக்குழாய்கள் விரிந்து மெலிந்து இரத்தம் கசியும் நோய், இதற்கான தமிழ்ச்சொல் பற்றி வந்த கருத்துகளுக்கு என் மறுமொழி இது.

> 'நாளப் பிறழ்வளர்ச்சி' என்றே வைத்துவிடலாம். கிரேக்க மூலத்துக்கும் அதுதான் நேர்.

ஐயா, மூலத்துக்கு நேர்தான், ஆனால் இங்கே மூலமே சிக்கல். நோய்க்குறியியலில் டிஸ்பிளேசியா என்றால் இன்று பெரும்பாலும் புற்றுக்கு முந்தைய உயிரணு மாற்றத்தைத்தான் நினைப்பார்கள். இந்த நோய் புற்றாக மாறுவதில்லை. கறுப்பாக மலம் போகிறதே என்று ஏற்கெனவே கலங்கியிருக்கும் பெரியவர், அறிக்கையில் 'பிறழ்வளர்ச்சி' என்று படித்தால் என்ன நினைப்பார்?

அதோடு, இங்கே புதிதாக எதுவும் வளர்வதும் இல்லை. பெருங்குடல் சுவரின் தசையைத் துளைத்துக்கொண்டு சிறு சிரைகள் வெளியே போகின்றன. குடல் விரிந்து சுருங்கும்போதெல்லாம் அவை லேசாக நெரிபடுகின்றன. பல வருடங்கள் இப்படியே போனால், பின்னால் தேங்கும் இரத்தத்தால் சிரை விரிந்து நெளிகிறது. பிறகு நுண்குழாய்களும் தளர்ந்து, தமனி இரத்தம் நேராகச் சிரைக்குள் பாய்கிறது. பெருங்குடலில் இது அதிகம் வருவது பெருங்குடல்வாயிலும் (சீக்கம், பெருங்குடலின் தொடக்கப் பை) வலப்புறத்திலும். அங்கே குடல் அகலம் என்பதால் சுவரின் இழுவிசையும் அதிகம். 60 வயதைத் தாண்டியவர்களிடமே மிகுதியாகக் காண்கிறோம். ஆக, இது பிறவிக் கோளாறு அல்ல, தேய்மானம்.

அதனால் என் பரிந்துரை: குருதிக்குழாய் நைவு.

பழைய வேட்டி நைந்துபோவது போல, கிழியாமலேயே மெலிந்து, தொட்டால் விட்டுப்போகும் நிலை. கசிவு ஏன் விட்டுவிட்டு வருகிறது, ஏன் பலமுறை தானே நின்றுவிடுகிறது என்பதையும் இந்தச் சொல்லை வைத்து நோயாளிக்கு விளக்கலாம்.

'நாளம்' வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் இரத்த நாளம் என்றால் எல்லாக் குழாய்களும் அடங்கும். இலங்கைப் பாடநூல்களில் நாடி என்றால் தமனி, நாளம் என்றால் சிரை. யாழ்ப்பாணத்து மாணவர் 'நாள நைவு' என்பதைச் சிரைநோய் என்றே படிப்பார். குழாய் என்றால் இரு பக்கமும் குழப்பமில்லை.

> 'நாள விரிவு' எளிமையாக இல்லையா?

எளிமைதான் அக்கா. ஆனால் மருந்தாலோ வெப்பத்தாலோ குழாய் தற்காலிகமாக விரிவதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அது மீண்டும் சுருங்கும், இது சுருங்காது.

டியூலஃபாய் புண்ணை இதற்குள் அடக்கக் கூடாது. அதில் பெரிய தமனி ஒன்று உட்படலத்துக்கு அடியிலேயே, மெலியாமல் ஓடி, பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில் திடீரென்று பீறிடுகிறது. பிறவியிலேயே வரும் தமனி-சிரைப் பின்னலும் வேறு. அவற்றுக்குத் தனிச்சொல் தேடலாம்.

ஹைட் நோய்க்கூட்டை இந்தச் சொல்லுக்கான பதிவிலேயே சேர்க்கலாம். பெருந்தமனி வால்வு சுருங்கியவர்களுக்குக் குடல் இரத்தக்கசிவும் இருப்பதை எட்வர்ட் ஹைட் 1958இல் எழுதினார். குறுகிய வால்வு வழியே பாயும்போது இரத்தம் உறைய உதவும் புரதமான வான் வில்லிபிராண்ட் காரணியின் பெரிய மூலக்கூறுகள் சிதைகின்றன. உறைதல் குறைந்து, நைந்த குழாய் எளிதில் கசிகிறது. வால்வை மாற்றியதும் பலருக்குக் கசிவு நிற்கிறது.

அறிக்கையில் வைத்துப் பார்த்தேன்: "வலப் பெருங்குடலில் இரண்டு இடங்களில் குருதிக்குழாய் நைவு, ஆர்கான் பிளாஸ்மாவால் சுட்டு அடைக்கப்பட்டது." எனக்கு இயல்பாகப் படுகிறது. குழுவில் உள்ள மருத்துவர்கள், உங்கள் நோயாளியிடம் இப்படிச் சொல்ல வருமா என்று பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்.